மின்சாரக் கார்: மலிவு எது, பெறுமதி எது?

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. நீர்ப்பம்பிகள் ஓய்ந்தன, வாவியில் தோணிகள் நின்றன. அந்த வரிசைகளை எம்மக்கள் மறக்கவில்லை. பெற்றோலே வேண்டாத கார் என்றால் தன்னாமுனையிலும் காதுகொடுத்துக் கேட்பதில் வியப்பில்லை.

இடம்பெயர்ந்து வந்து இப்பக்கம் குடியிருக்கும் ஒரு கமக்காரக் குடும்பத்தினர் அண்மையில் எம்மிடம் வந்தனர். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசோடு நகைகளையும் அடகு வைத்து, வாடகைக்கு ஓடப் பழைய மின்சாரக் கார் ஒன்று எடுக்கப் போகிறார்களாம். "நல்ல மலிவு, சுவாமி" என்றார் தகப்பன். அவர்களோடு இருந்து பார்த்த கணக்கையே இங்கு தருகிறோம்.

அவர்கள் பார்த்தது முதல் வகை நிசான் லீஃப். 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த கார் இது. இதன் பற்றரி 24 அலகு மின்சாரம் கொள்ளும். மின்பட்டியலில் வரும் அதே அலகுதான். புதிதாக இருந்தபோது, அமெரிக்க அரசின் கணிப்பின்படி, ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 117 கிலோமீற்றர் ஓடும். ஆனால் பற்றரியைக் குளிரவைக்கும் ஒழுங்கு இதில் இல்லை. எமது வெயிலில் அது விரைவாகத் தேய்ந்துவிடும்.

தேய்வைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. சாரதிக்கு முன்னுள்ள காட்டியின் வலது ஓரத்தில் 12 சிறு கட்டங்கள் இருக்கும். முதற் கட்டம் அணைந்தாலே 15 வீதம் போய்விட்டது என்பது பொருள். இவர்களுடைய காரில் எரிந்தவை எட்டு. மூன்றிலொரு பங்கு இல்லை! பொலன்னறுவை போய்ச் சேரவே காணாது. விமான நிலைய வாடகையை நினைக்கவும் முடியாது. அணைந்த கட்டங்களைச் சில நாட்களுக்கு எரியவைக்கும் தந்திரமும் சிலருக்குத் தெரியும். எனவே கட்டத்தை மட்டும் நம்பாமல், முழுதாக மின்னேற்றி ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். பற்றரியை மாற்றுவதானால் மலிவு என்ற பேச்சே எழாது.

2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின் பிவைடி முதலிய சீனக் கார்கள் வந்துள்ளன. பிவைடி டொல்பின் காரின் சிறிய பற்றரியே 44.9 அலகு, இரும்பு பொஸ்பேற் வகை, நெடுநாள் உழைக்கும். பெறுமதி என்று பார்த்தால் இதுவே சிறந்தது. ஆனால் தீர்வையெல்லாம் ஏறிய பின் அதன் விலை எம்மவர்க்கு எட்டாது. லீசிங் எடுத்தால் மாதத் தவணை மழையையும் பார்க்காது, அறுவடையையும் பார்க்காது.

மின்கட்டணமோ பலர் நினையாத செலவு. மாதம் 1000 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 200 அலகு வேண்டும். வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டினால் மிகக்கூடிய படியில் கட்டவேண்டும். பெற்றோலைவிட இலாபந்தான்; சொல்லுகிற அளவு இலாபமில்லை. அத்தோடு, மின்குமிழுக்கும் விசிறிக்கும் என்று வயர் இழுத்த வீட்டில் இரவு முழுக்கக் கார் மின்னேற்றினால் பிளக் உருகும், தீயும் பிடிக்கும். தடித்த தனி வயரும் நல்ல புவித்தொடுப்பும் கட்டாயம்.

இவ்வளவையும் கேட்ட தாயார், முற்பணம் கொடுத்தாயிற்றே என்று கண் கலங்கினார். வருகிற சனிக்கிழமை அதைத் திருப்பிக் கேட்கத் தகப்பனோடு நாமும் போகிறோம்.