வயல்வெளிப் பள்ளியில் பேச்சு வரப்பைத் தாண்டாமல் இருக்க

நெல் வயலோரம் 25 விவசாயிகள் கூடினால் பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டுறவுக் கடன், வாய்க்கால் முறைத் தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது என்று பேச்சு கிளைவிடும். எல்லாம் நியாயமான குறைகள்தாம். ஆனால் அவற்றைப் பேசி முடித்து வயலில் இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த வாரம் பயிரைப் பார்க்காமலே கலைய நேரிடும்.

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. உழவர் வயல்வெளிப் பள்ளி 1989-ல் இந்தோனேசியாவில் தோன்றியதே புகையானை முன்னிட்டுத்தான். கண்டபடி மருந்தடித்ததில் சிலந்திகளும் மற்ற இரைதின்னிகளும் மடிந்து, புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகியது. அங்கே 1986-ல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. பார்க்காமல் பேசி முடிவெடுத்தால் நம் வயலிலும் இதே கதைதான்.

ஆகவே முதலில் வயல், பிறகு பேச்சு. காலையிலேயே ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கி, ஒவ்வொரு குழுவும் 20 குத்துகளைப் பார்க்க வேண்டும். தூரின் அடிப்பகுதியை விலக்கிப் பார்ப்பது அவசியம். புகையான் அங்கேதான் இருக்கும். தூர் எத்தனை, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் பயிரையும் பூச்சியையும் படமாக வரைந்து மற்றவர்கள் முன் வைக்க வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

தாள் எதிரே இருக்கும்போது பேச்சு தானாகவே அடங்கும். "போன வருஷம் இந்த மருந்து நன்றாகக் கேட்டது" என்று ஒருவர் ஆரம்பித்தால், "இன்று தூருக்கு எத்தனை புகையான் பார்த்தீர்கள்?" என்று நடத்துபவர் கேட்டால் போதும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 புகையான் என்பது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. அதற்குக் குறைவாக இருந்தால் தண்ணீரை வடித்துக் காயவிட்டு, தழைச்சத்தைக் குறைத்து, அடுத்த வாரம் மறுபடி எண்ணலாம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் புகையானைத் திரும்பப் பெருக்கக்கூடியவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நெல் பற்றிய கூட்டத்தில் ஒருவர் தென்னங்குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைவதைக் கேட்பார். அவருக்கு அது பெரிய கவலை. வாயை அடைக்கக் கூடாது. தனி நோட்டில் குறித்துக்கொண்டு கடைசிக் கால் மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். கடனும் தண்ணீரும் அந்த நோட்டுக்கே போகட்டும். குறித்ததை அன்றே எடுக்காவிட்டால், அடுத்த வாரம் அவர் நடுவிலேயே எழுந்து கேட்பார். அவர் மீது தப்பில்லை.

உரக்கப் பேசுபவர் ஒருவர் எந்த ஊரிலும் உண்டு. அவர் குழுவின் தாளைக் கடைசியில் வைக்கச் சொல்வது நல்லது. நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்கள் தினமும் தூரடியில் குனிபவர்கள். அவர்களை முதலில் பேசச் சொன்னால், மற்றவர்கள் கண்ணில் படாத பூச்சியும் தாளில் ஏறும்.

வரைந்த தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி, அடுத்த வாரம் புதுத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும்.