அரை டாலரில் தொடங்கிய காப்பீடு

1929-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரிலிருந்த பேய்லர் மருத்துவமனையில் வசூலாகாத பாக்கி ஏறிக்கொண்டே போனது. நிர்வாகி ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பால் முன்பு பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். பாக்கிக் கணக்கில் நிறைய ஆசிரியர்கள் இருப்பதைக் கண்டு ஒரு வழி செய்தார்: மாதம் 50 சென்ட் கட்டினால் 21 நாள் வரை படுக்கைச் சிகிச்சை. ப்ளூ கிராஸ் காப்பீடு முளைத்தது அங்கேதான். (சென்னையில் நாய்களைக் காப்பாற்றும் ப்ளூ கிராஸ் வேறு.) கிம்பாலின் திட்டத்தில் அரசும் இல்லை, முதலாளியும் இல்லை.

இன்று நிறுவனங்கள் வழியே ஒரு குடும்பத்துக்கு எடுக்கும் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 2024 கணக்குப்படி ஆண்டுக்கு 25,572 டாலர். வேலை போனால் அதுவும் போகும். இந்த முடிச்சைப் போட்டது போர்க்காலம். 1942-இல் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்ததால், ஆள் பிடிக்க நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டின. 1954-இன் வரிச்சட்டம் அந்தச் சலுகைக்கு வரிவிலக்கை உறுதிசெய்தது. ஆக, தடையற்ற சந்தையின் பிள்ளை என்று சிலர் கொண்டாடும் தனியார் காப்பீட்டை ஊட்டி வளர்த்ததே அரசுதான். சந்தைவாதிகளின் ஆசான் மில்டன் ஃப்ரீட்மனே இந்த வரிவிலக்கைக் குறை சொன்னவர்.

அரசுக் காப்பீடு பற்றிய சண்டையின் குரலும் மாறிவிட்டது. முதியோருக்கு அரசுக் காப்பீடு வந்தால் சுதந்திரம் பறிபோகும் என்று 1961-இல் ரொனால்ட் ரீகன் இசைத்தட்டில் பேசினார். மருத்துவர் சங்கம் அதை வீடு வீடாகப் பரப்பியது. 1965-இல் மெடிகேர் என்ற பெயரில் அந்தக் காப்பீடு வந்தது. இன்று அதை ஒழிப்போம் என்று சொல்லி எந்தப் பெரிய கட்சியும் ஓட்டுக் கேட்பதில்லை. ஒபாமாவின் 2010 காப்பீட்டுச் சட்டத்துக்குப் பின், காப்பீடு இல்லாதவர்கள் நான்கரைக் கோடிக்கு மேலிருந்து சுமார் இரண்டரைக் கோடியாகக் குறைந்தார்கள். ஆனால் அட்டை கையில் இருந்தும் முதல் சில ஆயிரம் டாலரைத் தானே கட்டவேண்டியவர்கள் ஏராளம்.

1960-இல் மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி நோயாளியின் சட்டைப்பையிலிருந்து போனது. இப்போது பத்தில் ஒரு பங்குதான். பணம் கட்டுவது வேறொருவர் என்றால் விலை கேட்பவர் யார் என்பது சந்தைக்காரர்களின் வாதம். நியாயம்தான். ஓக்லஹோமாவில் ஒரு அறுவைச் சிகிச்சை மையம் மொத்த விலையையும் இணையத்தில் போட்டே தொழில் நடத்துகிறது. குடலிறக்கத்துக்கு நாள் குறித்துப் போகிறவருக்கு அது உதவும். மாரடைப்போடு ஆம்புலன்ஸில் போகிறவர் எந்தக் கடையில் விலை விசாரிப்பார்? பொருளியலாளர் கென்னத் ஏரோ 1963-லேயே மருத்துவம் மற்ற சந்தைகளைப் போல இயங்காது என்று எழுதிவிட்டார். எல்லா மருத்துவமனைகளும் விலையை வெளியிடவேண்டும் என்ற விதி 2021-இல் நடப்புக்கு வந்தது. பல மருத்துவமனைகள் வெளியிடுகின்றன, பெரும்பாலும் கணினி படிப்பதற்கென்றே உள்ள பிரம்மாண்டமான கோப்புகளாக.