தோலும் கதிரும்

கோடை வெயிலில் நெடுநேரம் நிற்பவரின் தோல் கறுக்கிறது. வெண்ணிறத் தோலர் எனில் தோல் சிவந்து, கொப்பளித்து, உரிந்தும் போகிறது. தோலைத் தீய்க்கும் இதே வெயில் சில தோல் நோய்களைத் தணிக்கவும் செய்கிறது என்பதைப் பழங்கால மக்களும் கண்டறிந்திருந்தனர். ஒரே கதிர் ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் மருந்தாகவும் அமைவது எவ்வாறு? ஒளிமருத்துவத்தின் நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத பகுதிகளும் உள்ளன. 1801 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலர் யோகான் ரிட்டர், முப்பட்டகத்தால் பிரிக்கப்பட்ட நிறமாலையில் வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில்தான் தாள் மிகுதியாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது. அலைநீளத்தைக் கொண்டு இன்று இதனை மூன்றாகப் பகுப்பர். 315 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ளது ‘ஏ’ வகை. 280 முதல் 315 வரையுள்ளது ‘பி’ வகை. அதற்கும் குறைந்தது ‘சி’ வகை. ‘சி’ வகையை ஓசோன் படலம் முழுமையாகத் தடுத்துவிடுகிறது. ‘பி’ வகை பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிட, ‘ஏ’ வகை அதனைக் கடந்து உள்தோல்வரை செல்கிறது.

கோபன்ஹேகனில் ஒரு விளக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் மக்கள் பெரிதும் அஞ்சிய நோய்களுள் ஒன்று தோல் காசநோய். மருத்துவர்கள் இதனை ‘லூபஸ் வல்காரிஸ்’ என்றனர். லூபஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். மூக்கையும் கன்னத்தையும் உதட்டையும் ஓநாய் கடித்துக் குதறியதுபோல இந்நோய் அரித்துவிடும். உயிரை உடனே பறிப்பதில்லை; ஆனால், நோயுற்றவர் பிறர் முன் வர இயலாத நிலையைத் தந்துவிடும். பணியும் உறவும் கைவிட்டுப் போக, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வாழ்ந்தோர் பலர். கத்தியால் சுரண்டுவதும் சூட்டுக்கோலால் தீய்ப்பதுமே அக்காலத்து மருத்துவமாக இருந்தன. அவற்றால் விளைந்த தழும்பு நோயினும் கொடிதாயிருந்தது.

இந்நோய்க்கு ஒளியால் தீர்வு கண்டவர் நீல்ஸ் ரைபர்க் ஃபின்சென். இவர் 1860 ஆம் ஆண்டில் வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபரோ தீவுகளில் பிறந்தார். ஐஸ்லாந்தில் பள்ளிக்கல்வியும் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் மருத்துவக் கல்வியும் பெற்றார். இளமையிலேயே வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் கடும் நோய் இவரைப் பற்றியது. கதிரவனின் முகம் காண்பதே அரிதான நீண்ட குளிர்காலங்களில் வளர்ந்த அந்நோயாளிக்கு ஒளியின்மீது நாட்டம் எழுந்ததில் வியப்பில்லை.

ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை 1877 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் டவுன்சு, பிளன்ட் ஆகிய இருவர் காட்டியிருந்தனர். காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிர் என்பதை 1882 இல் இராபர்ட் காக் நிறுவினார். இவ்விரண்டையும் ஃபின்சென் இணைத்துப் பார்த்தார். எனினும் இடையே ஒரு தடை இருந்தது. தோலுக்குள் ஓடும் குருதி ஒளியை உறிஞ்சிவிடுகிறது. காதுமடலின் பின்புறம் ஒளிப்படத் தாளை வைத்து முன்புறம் ஒளியைப் பாய்ச்சியபோது தாள் கறுக்கவில்லை. அதே மடலை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்திக் குருதியை வெளியேற்றியதும் சில நொடிகளிலேயே கறுத்தது. எளிய சோதனைதான், ஆயினும் மருத்துவமுறை முழுவதற்கும் இதுவே அடிப்படையாயிற்று.

கரித்துண்டுகளுக்கிடையே மின்சாரத்தைப் பாய்ச்சி எரியச்செய்யும் வில்விளக்கை ஃபின்சென் தேர்ந்தெடுத்தார். 1895 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகர மின்நிலையத்தில், பல்லாண்டுகளாக முகத்தில் இந்நோயால் துன்புற்ற ஒரு பொறியாளருக்கு முதன்முதலில் சிகிச்சை அளிக்கப்பட்டது. அறுவை மருத்துவம் கைவிட்ட நோய் சில திங்களில் தணிந்தது. மறு ஆண்டே ஃபின்சென் நிறுவனம் தோன்றியது. அங்கு ஒரு பெரிய விளக்கு நடுவில் தொங்கும். தொலைநோக்கியைப் போன்ற நான்கு குழாய்கள் அதிலிருந்து சரிந்து இறங்கும். குவார்ட்சு வில்லைகள் ஒளியைக் குவிக்க, இடையிலுள்ள நீர் வெப்பத்தை நீக்கும். ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி படுத்திருப்பார். குளிர்நீர் ஓடும் மற்றொரு வில்லையைச் செவிலியர் ஒருவர் அவருடைய தோலின்மேல் அழுத்திப் பிடித்திருப்பார். நாணயம் அளவுள்ள ஓரிடத்துக்கே ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. முகம் முழுவதும் குணமாகப் பல திங்கள் ஆகும். அத்தனை நேரமும் அசையாமல் வில்லையை அழுத்திப் பிடித்திருந்த செவிலியரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

1903 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃபின்சென்னுக்கு வழங்கப்பட்டது. நோயின் மிகுதியால் அவரால் விழாவுக்குச் செல்ல இயலவில்லை. பரிசுத்தொகையின் ஒரு பகுதியைத் தம் நிறுவனத்துக்கே அளித்தார். மறு ஆண்டு, தம் 43 ஆம் வயதில் மறைந்தார்.

புற ஊதாக் கதிரே காசநோய்க் கிருமியைக் கொல்கிறது என்று ஃபின்சென் கருதினார். உலகமும் நூறாண்டுகள் அவ்வாறே நம்பியது. 2005 ஆம் ஆண்டில் டென்மார்க் ஆய்வாளர் சிலர், எஞ்சியிருந்த பழைய விளக்குகளின் வில்லைகளை அளந்து பார்த்தனர். 340 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களை அவ்வமைப்பு வெளியே விடவேயில்லை. எனில், நோயைத் தீர்த்தது எது? அக்கிருமிகளுக்குள் பார்ஃபைரின் என்னும் பொருள் உள்ளது. நீல ஒளியையும் அதனையொட்டிய கதிரையும் அது உறிஞ்சி, அழிக்கும் ஆற்றல் மிகுந்த ஒருவகை ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அதுவே கிருமியைக் கொன்றிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கூறினர். மருந்து சரியாக இருந்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம்தான் பிழையாக இருந்தது.

விதையும் வெயிலும்

தோல் காசநோய்க்குப் பின்னாளில் மருந்துகள் வந்துவிட்டன. ஒளிமருத்துவம் வேறு இரு நோய்களின் பக்கம் திரும்பியது. ஒன்று வெண்புள்ளி, தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் அழிவதால் இது தோன்றுகிறது. தொழுநோயோடு இதற்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. ‘வெண்குட்டம்’ என்ற பழம்பெயர் விளைத்த தீங்கைத் திருமணப் பேச்சு முறிந்த குடும்பங்கள் அறியும். மற்றொன்று சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை. மேல்தோல் செல்கள் தோன்றி உதிர ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆவது இயல்பு. இந்நோயில் அது சில நாள்களிலேயே நிகழ்வதால் தோல் தடித்துச் செதில்களாக உதிர்கிறது.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பயன்படுத்தும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் தொன்மையானது. எகிப்தின் நைல் கரையில் வேறொரு செடியின் விதையை உண்டு வெயிலில் அமர்ந்தனர். இரு விதைகளிலும் இருப்பவை சோரலென் வகைப் பொருள்களே. 1940களில் கெய்ரோ பல்கலைக்கழகத்தின் எல் மோஃப்டி இவற்றைத் தூய்மையான மருந்தாக நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் சோரலென் மாத்திரையோடு ‘ஏ’ வகைக் கதிர் விளக்கையும் சேர்த்துக் காளாஞ்சகப்படைக்கு அளித்தனர். சோரலென் டி.என்.ஏ.வின் இரு இழைகளுக்கிடையே நுழைந்து நிற்கும். கதிர் பட்டதும் இரண்டையும் பிணைத்துவிடும். பிணைக்கப்பட்ட செல் பெருக இயலாது. படை மறைந்தது.

டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்துக்கு விலை இருக்குமன்றோ? இச்சிகிச்சை பெற்ற 1380 நோயாளிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்காணித்தனர். அவர்களுள் ஒருவகைத் தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1979 ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். வெயிலின் ‘பி’ வகைக் கதிரும் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளைத் தவறாக ஒட்டவைக்கிறது. நம் செல்கள் அப்பிழைகளை நாள்தோறும் வெட்டியெறிந்து சீர்செய்கின்றன. அச்சீரமைப்பு ஆற்றல் இன்றிப் பிறக்கும் குழந்தைகளும் உளர். சீரோடெர்மா பிக்மென்டோசம் எனப்படும் அந்நோயின் காரணத்தை 1968 இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். பகல் வெளிச்சமே அக்குழந்தைகளுக்குப் பகையாகும்.

எனவே, ஆய்வாளர்கள் வினாவை மாற்றிக் கேட்டனர்: நோயைத் தீர்ப்பது கதிரின் எப்பகுதி? 1981 ஆம் ஆண்டில் பாரிஷும் ஜெய்னிக்கியும் நோயாளிகளின் தோலில் ஒவ்வோர் அலைநீளத்தையும் தனித்தனியே சோதித்தனர். 290 நானோமீட்டரும் அதற்குக் குறைந்தவையும் தோலைச் சிவக்கச் செய்தனவேயன்றிப் படையைத் தீர்க்கவில்லை. 300ஐ அடுத்து, 313 வரையுள்ள பகுதியே பயன் தந்தது. இதன்பின் 311 நானோமீட்டரில் மட்டும் செறிவாக ஒளிரும் குழல்விளக்குகள் உருவாயின. மாத்திரை தேவையில்லை, கருவுற்ற பெண்களுக்கும் இதனை அளிக்கலாம்.

இன்று தோல் மருத்துவப் பிரிவுகளில் நிற்கும் அலமாரி போன்ற கருவி இவ்வகையினதே. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிந்து நோயாளி அதற்குள் நிற்பார். வெண்புள்ளியில் நிறம் ஒரே பரப்பாகத் திரும்புவதில்லை. மயிர்க்கால்களில் மறைந்திருக்கும் இளம் மெலனின் செல்கள் விழித்தெழுந்து வெளியே வருவதால், வெண்மையின் நடுவே கடுகளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி மெல்ல விரிந்து இணைகின்றன. மயிரில்லாத விரல்நுனியிலும் உதட்டிலும் பயன் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு தாமாகவே நண்பகல் வெயிலில் நின்று, தோல் வெந்து மருத்துவமனைக்கு வருவோர் இன்றும் உளர். விதையில் எவ்வளவு சோரலென் உள்ளது, அன்றைய வெயிலில் எவ்வளவு கதிர் உள்ளது என்பவை அவர்களுக்குத் தெரிவதில்லை. கருவியில் நிற்பவருக்கோ தோலின் தன்மைக்கேற்பச் சிறிய அளவில் தொடங்கி, முந்தைய முறை தோல் சிவந்ததா என்று பார்த்த பின்னரே அளவு கூட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பெற்ற கதிரின் அளவும், அதுவரை பெற்றதன் கூட்டுத்தொகையும் அவருடைய சிகிச்சை அட்டையில் எழுதப்படுகின்றன.