காட்டுக்குத் தீ வைத்தால் 7 ஆண்டு வரை ஜெயில்... ஆனா சிக்குவது யார்?

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீ, மலையேற்றத்துக்குப் போன 23 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. ஆனால், ஒவ்வொரு கோடையிலும் மேற்குத் தொடர்ச்சி மலை புகைவது மட்டும் நிற்கவில்லை.

காடு தானா பத்திக்குமா?

மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான காட்டுத் தீக்கு மனிதர்கள்தான் காரணம். அணைக்காமல் வீசிய பீடி, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு, பக்கத்துத் தோட்டத்தில் சருகு எரிக்கும்போது காற்றில் தாவும் பொறி... இதெல்லாம் அஜாக்கிரதை. மழைக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று காய்ந்த புல்லைக் கொளுத்துவது தெரிந்தே செய்வது.

தண்டனை என்ன?

வேண்டுமென்றே தீவைத்துச் சொத்தைச் சேதப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 326(எஃப்) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அலட்சியமாகத் தீயைக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 287-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம். சரணாலயத்துக்குள் தீ வைத்தாலோ, எரியும் தீயை ஆபத்தான முறையில் விட்டுப்போனாலோ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அப்புறம் என்ன சிக்கல்?

நிரூபிப்பதுதான். தீ வைத்தவர் போன பிறகுதான் புகையே தெரியும். தடயமும் சேர்ந்தே எரிந்துவிடும். பார்த்த சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. அந்தச் சாட்சி பெரும்பாலும் அதே மலைக் கிராமத்துக்காரர். கிராமத்தையே சந்தேகப்பட்டால் யார் வாய் திறப்பார்கள்?

தடுக்க வழி?

தீத்தடுப்புக் கோடுதான் பழைய, இன்றும் பலன் தரும் வழி. புல், புதரை ஒரு பட்டையாக அகற்றிவிட்டால் தரையில் பரவும் தீ எரிய எதுவும் இல்லாமல் அங்கேயே நின்றுவிடும். வெட்டிய சருகை ஓரத்திலேயே குவித்துவைத்தால் அதுவே தீனி! சீக்கிரம் வெட்டினால் மறுபடி முளைக்கும், தாமதித்தால் தீ முந்திக்கொள்ளும்.

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டறிந்து செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்யலாம். ஆனால், செயற்கைக்கோள் ஒரு இடத்தை நாளுக்குச் சில முறைதான் கடக்கும். இடைப்பட்ட நேரத்தில் புகையைப் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவரோ, தேன் எடுக்கப் போனவரோதான். அவர் உடனே 112-க்கோ வனத்துறைக்கோ போன் போட்டால், பச்சைத் தழையால் அடித்தே அணைக்கும் அளவில் தீ இருக்கும்.