அறியாக் கனியை அறிதல்

வெப்பமண்டல நாடுகளுக்குச் சென்ற மேனாட்டுப் பிரயாணிகள் ஆங்குக் கண்டு வியந்த பொருள்களுட் கனிகளும் அடங்கும். முன்பின் அறியாத கனியொன்றைக் காண்போர் அதற்குப் பெயரிடுவர். பின் அதனைச் சுவைப்பர். அதன்பின் அதனாற் பயன்கொள்ள முயல்வர். இம்மூன்றிலும் அவர்க்கு உற்ற ஆசிரியராவார் அக்கனியோடு வாழும் அந்நாட்டு மக்களே. இவ்வுண்மையை மூன்று வரலாறுகள் கொண்டு விளக்குவாம்.

1493 ஆம் ஆண்டில், கொலம்பஸ் தமது இரண்டாம் கடற்பயணத்தின்போது, குவாதலூப் தீவிலே அன்னாசிப்பழத்தைக் கண்டார். அதன் செதிலமைந்த தோற்றம் தம் நாட்டுப் பைன்மரக்காயை ஒத்திருந்தமையால் ஸ்பானியர் அதனைப் 'பீன்யா' என்றனர். போர்த்துக்கேயரோ தென்னமெரிக்கப் பழங்குடியினரின் சொல்லைத் தழுவி 'அனனாஸ்' என்றனர். அச்சொல்லே கடல்கடந்து வந்து தமிழில் 'அன்னாசி' என நிலைபெற்றது. கனியை முதலிற் பேணி வளர்த்தோரின் மொழி நம் நாவிலும் வாழ்கின்றது என்க.

சுவைத்தலுக்குத் துரியான் தக்க சான்றாகும். மலாய் மொழியில் 'துரி' என்பது முள்ளைக் குறிக்கும். பழத்தின் புறமெங்கும் கூரிய முட்களே. அதன் கடுநாற்றத்திற்குக் கந்தகச் சேர்வைகள் முக்கிய காரணமாம். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்திற் சஞ்சரித்த இயற்கை நூலறிஞர் அல்பிரெட் ரசல் வொலஸ், மலாக்காவிலே முதன்முறை இப்பழத்தை உண்ண முற்பட்டபோது, வீட்டினுள் எழுந்த நாற்றத்தைத் தாங்கமாட்டாது வெறுத்தார். பின்னர்ப் போர்ணியோவிலே நிலத்தில் வீழ்ந்துகிடந்த கனிந்த பழமொன்றை வெளியிலிருந்து உண்டார். அன்றே துரியான் பிரியரானார். நன்கு முதிர்ந்த பழம் தானே மரத்தினின்று வீழும். வீழ்ந்தவுடன் உண்பின் சுவை மிகும், நாற்றமும் குறையும். 1869 இல் வெளிவந்த தமது நூலில், பாதாம் பருப்பு, பாற்கட்டி, வெங்காயக் குழம்பு, மது எனப் பலவற்றை உவமை கூறியும் அச்சுவையை முற்றாக உணர்த்த அவராலும் இயலவில்லை. பழம் மாறவில்லை, உண்ட இடமும் காலமுமே மாறின.

பயன்கொள்ளுதலின் இடர்ப்பாட்டை ஈரப்பலாவின் வரலாறு காட்டும். பசுபிக் தீவினர் இக்காயைச் சூடேற்றிய கற்களிட்ட மண்ணடுப்பில் வேகவைத்து உண்டனர். மிகுந்ததைக் குழியிலிட்டுப் புளிக்கவைத்துப் பஞ்சகாலத்திற்குச் சேமித்தனர். மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவான உணவாக இதனைக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் கருதினர். இந்நோக்குடன் கப்பற்றலைவர் பிளை தாகித்தியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளைப் 'பவுண்டி' கப்பலில் ஏற்றினார். 1789 ஏப்பிரிலில் மாலுமிகள் கலகம் விளைத்துக் கன்றுகளைக் கடலில் எறிந்தனர். மீண்டும் சென்ற பிளை 1793 இல் சென் வின்சென்ற், யமேக்கா ஆகிய தீவுகளிற் கன்றுகளைச் சேர்ப்பித்தார். மரங்கள் செழித்தன, ஆயினும் அடிமைகள் தமக்குப் பழகிய வாழைக்காயையும் வள்ளிக்கிழங்கையுமே நெடுங்காலம் விரும்பினர். உண்போர் விருப்பத்தைக் கருதாது கொணரப்பட்ட காயன்றோ அது! காலப்போக்கில் அம்மக்களே தமக்கேற்ற பக்குவங்களைக் கண்டு அதனைத் தமதாக்கிக் கொண்டனர். சுட்ட ஈரப்பலாக்காயும் பொரித்த மீனும் இன்று சென் வின்சென்ற் நாட்டின் தேசிய உணவாகப் போற்றப்படுகின்றன.

கன்றைக் கப்பலில் ஏற்றுதல் எளிது. அதனைப் பக்குவப்படுத்தும் அறிவைக் கேட்டறிதற்குப் பணிவு வேண்டும். பிறநாடு செல்லும் மாணவர் கனியை நோக்குமுன், அதனை உண்பாரை வினாவி அறிவாராக.