கைகள் பேசும் கூடம்

காது கேளாதோர் சங்கக் கட்டடங்களைப் புதுப்பிக்கச் சமூகத் தொழில்முனைவு காட்டும் வழி

ஒரு மொழி, தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வதே உலக வழக்கம். சைகை மொழிக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் அமைவதில்லை. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேற்பட்டோர், கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே, அக்குழந்தைகள் தங்கள் மொழியைப் பள்ளி விடுதியிலும் சங்கக் கூடத்திலும் தம்மைப் போன்றோரிடமிருந்து கற்கின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் செவித்திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களுக்குச் சங்கக் கட்டடம் என்பது பொழுதுபோக்கும் இடம் மட்டுமன்று. வேலைச் செய்தியும் திருமணப் பேச்சும் அரசு உதவி பற்றிய விளக்கமும் கைமாறும் மன்றம் அது. கூரை ஒழுகி அக்கூடம் பூட்டப்படுமானால், ஒரு மொழியின் வீடே பூட்டப்படுகிறது.

இத்தகைய கூடங்களைப் புதுப்பிக்க நன்கொடை ஒன்றையே நம்புவது போதாது. நன்கொடை சுவரை எழுப்பும். ஆண்டுதோறும் மின்கட்டணம் செலுத்தாது. கட்டடமே வருவாய் ஈட்டித் தன்னைப் பேணிக்கொள்ளும் வகையில் அமைப்பதே சமூகத் தொழில்முனைவின் நெறி. அதன் நடைமுறையை இங்கே காண்போம்.

கண்ணுக்கான கட்டடம்

புதுப்பித்தல் என்றவுடன் வெள்ளையடிப்பதும் தரைக்கற்கள் பதிப்பதும் நினைவுக்கு வரும். காது கேளாதோருக்கான கட்டடத்தில் முதற்கேள்வி வேறு: ஒருவர் மற்றவரின் முகத்தையும் கைகளையும் தடையின்றிக் காண முடிகிறதா? வாஷிங்டனில் காது கேளாதோருக்காக இயங்கும் கல்லாடெட் பல்கலைக்கழகத்தில், 2005-ஆம் ஆண்டு முதல் கட்டடக் கலைஞர் ஹான்செல் பாமனும் மாணவர்களும் இக்கேள்வியை ஆராய்ந்து 'டெஃப்ஸ்பேஸ்' என்னும் வடிவமைப்பு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் பல, நம் ஊர்க் கூடங்களுக்கும் அதிகச் செலவின்றிப் பொருந்துவன.

மேடைக்குப் பின்னால் சன்னல் இருந்தால், பேசுபவரின் முகம் நிழலில் மறையும். மேடையை எதிர்ச்சுவருக்கு மாற்றினாலே போதும். மின்விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழன்றால் நிழல்கள் துடித்துக் கண்ணை வருத்தும். விளக்கை இடம் மாற்ற வேண்டும். சுவருக்கு மங்கிய நீலமோ பச்சையோ பூசினால் கைகளின் அசைவு தெளிவாகத் தெரியும். வரிசை நாற்காலிகளினும் அரைவட்ட இருக்கையே ஏற்றது. இருவர் சைகையில் உரையாடியபடியே நடந்து செல்ல நடைவழி அகலமாக இருத்தல் வேண்டும். அழைப்பு மணிக்கும் தீயெச்சரிக்கைக்கும் மின்னும் விளக்குகள் இன்றியமையாதவை. எதிரொலி மிகுந்த கூடம் செவித்துணைக் கருவி அணிந்தோரைத் துன்புறுத்தும் என்பதால், ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகைகளும் தேவை.

இவற்றைப் பொறியாளர் மட்டுமே முடிவு செய்தல் ஆகாது. கட்டடக் குழுவில் காது கேளாத உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருத்தல் நன்று.

தொழிலும் தொண்டும்

காது கேளாதோரின் திறனை மூலதனமாகக் கொண்ட நிறுவனங்கள் நம் நாட்டில் ஏற்கெனவே தடம் பதித்துள்ளன. மும்பையில் துருவ் லக்ரா தொடங்கிய மிராக்கிள் கூரியர்ஸ், முகவரியைப் படித்து வழியறிந்து செல்லும் பணிக்குக் கேட்கும் திறன் கட்டாயமில்லை என்பதை மெய்ப்பித்தது. அது அறக்கட்டளையாகத் தொடங்கப்படவில்லை. இலாபம் ஈட்டும் நிறுவனமாகவே தொடங்கப்பட்டது. அதே நகரின் பவாய் பகுதியில் 2015-இல் தொடங்கிய 'மிர்ச்சி அண்டு மைம்' உணவகத்தில், உணவுப் பட்டியலிலேயே சைகைகள் அச்சிடப்பட்டிருந்தன. விருந்தினர் அவற்றைக் காட்டி உணவு கேட்டனர்.

சங்கக் கூடத்துக்கு இவற்றினும் எளிய வழிகள் உண்டு. கூடத்தை வாடகைக்கு விடலாம். முன்பகுதியில் தேநீரகமோ அச்சகமோ நடத்தலாம். சைகை மொழி வகுப்புகள் தொடங்கலாம். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் தில்லியில் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட அகராதி, 2018-இல் 3,000 சொற்களுடன் தொடங்கி, 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. காது கேளாத ஒருவர் ஆசிரியராக நின்று ஊதியம் பெறும் வகுப்பு, கூடத்தின் வருவாய்க்கும் மதிப்புக்கும் ஒருசேரத் துணைபுரியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, புதுப்பிக்க 24 லட்சம் ரூபாய் தேவை எனக் கொள்வோம். பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி 12 லட்சம். உறுப்பினரும் பொதுமக்களும் தருவது 4 லட்சம். எஞ்சிய 8 லட்சம் வங்கிக் கடன். பத்து விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 13,280 ரூபாய்.

மாதத்தில் எட்டு நாள் கூடத்தை வாடகைக்கு விட்டு, நாளுக்கு 3,000 பெற்றால் 24,000. இருபது மாணவர் தலைக்கு 1,500 செலுத்தினால் 30,000. ஆக வருவாய் 54,000. ஆசிரியர் ஊதியம் 24,000, பராமரிப்பும் மின்கட்டணமும் 12,000 போக மீதி 18,000. தவணை கட்டியபின் கையிருப்பு 4,720 ரூபாய்.

இது மெல்லிய இழைதான். வாடகை நாட்கள் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தால் வருவாயில் 9,000 குறைந்து, மாதம் 4,280 ரூபாய் பற்றாக்குறை ஏற்படும். ஆகவே, திறப்பு விழாவுக்கு முன்பே ஆறு தவணைகளுக்குரிய தொகையை, அதாவது சுமார் 80,000 ரூபாயை, வைப்பு நிதியில் ஒதுக்கி வைப்பதே விவேகம்.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

முதலாவது, ஆவணங்கள். நிலப் பத்திரம் சங்கத்தின் பெயரில் இல்லாமல் மறைந்த நிர்வாகி ஒருவரின் பெயரில் இருந்தால், கடனும் நிதியுதவியும் அங்கேயே தடைப்படும். கடன் பெறச் சங்க விதிகளில் இடமுண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சட்ட வடிவம். சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் கட்டடம் போன்ற சொத்தை, அதற்கெனப் பதிவெண் பெற்ற அறநோக்குச் சங்கமோ, பொது அறக்கட்டளையோ, நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நிறுவனமோ வைத்திருக்கலாம். 8-ஆம் பிரிவு நிறுவனம் இலாபம் ஈட்டலாம். ஆயின் அதைப் பங்காதாயமாகப் பிரித்தளிக்காமல் நோக்கத்துக்கே செலவிட வேண்டும். தொழில் வரவு செலவுக்குத் தனிக் கணக்கேடு வைப்பது அவசியம்.

மூன்றாவது, ஒப்புதல். கடன் பற்றிய பொதுக்குழுத் தீர்மானம் சைகை மொழியில் முழுமையாக விளக்கப்பட்ட பின்னரே கையொப்பம் பெற வேண்டும். புரியாத தாளில் இட்ட கையெழுத்து, நாளை சங்கத்தையே பிளக்கும்.

நான்காவது, எல்லை. வருவாய் பெருகப் பெருக, கூடம் மெல்ல மெல்லத் திருமண மண்டபமாக மாறிவிடும் ஆபத்து உண்டு. உறுப்பினர் கூடுவதற்குரிய நாட்களை, எடுத்துக்காட்டாக ஒவ்வொரு ஞாயிறு மாலையையும், எவ்வளவு வாடகை தர ஒருவர் முன்வந்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை என விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். எதற்காகக் கட்டடத்தைக் காப்பாற்றினோமோ, அது அந்த மாலையில்தான் வாழ்கிறது.

உங்கள் ஊரிலும் காது கேளாதோர் சங்கம் ஒன்று இருக்கக்கூடும். நிதி அளிக்க இயலாதோர் கணக்கெழுதித் தரலாம். வழக்கறிஞர் ஆவணங்களைச் சரிபார்க்கலாம். பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கலாம். நிறுவனம் நடத்துவோர் தம் பயிற்சி வகுப்பை அக்கூடத்தில் வாடகை கொடுத்து நடத்தலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னது நன்கொடையன்று, வணிகம். கூடத்தை நெடுநாள் நிலைநிறுத்தப் போவதும் அதுவே.