வந்த வியாதிக்குத் தடுப்பூசி: தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு புதிய முயற்சி

நோய் வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்வதே தடுப்பூசி என்று அம்மை குத்திய காலந்தொட்டுப் பழகிவந்த நமக்கு, வியாதி முற்றி, கத்தியாலும் கதிராலும் ஆகக்கூடியதெல்லாம் ஆகிவிட்ட பிறகு ஒரு நோயாளிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்ற செய்தி சற்று விசித்திரமாகவே தோன்றும். ஆயினும் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் முற்றியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இத்தகைய தடுப்பூசி ஒன்றின் பரிசோதனையில் சேர்ப்பதற்கு வழி செய்திருப்பதாக 2025-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தைச் சேர்ந்த பயோஎன்டெக் நிறுவனம் உருவாக்கிய அந்த மருந்துக்கு பிஎன்டி113 என்று பெயர். கொரோனாக் காலத்தில் பல தேசங்களில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட எம்.ஆர்.என்.ஏ. ஊசியும் இதுவும் ஒரே சாஸ்திரத்தில் பிறந்தவை.

தலை, கழுத்துப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் ஒரே பெயரால் குறிப்பிடுவது, வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்பகுதி ஆகிய பல இடங்களில் தோன்றும் புற்றுகளின் தொகுதியாகும். இவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த உறுப்புகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து கிளம்புகின்றன. பேசுதல், விழுங்குதல், ருசித்தல், சுவாசித்தல் என்று மனித வாழ்வின் அன்றாடக் காரியங்களெல்லாம் நடைபெறும் இடமாகையால், இங்கே சிகிச்சையே ஒரு தண்டனையாகிவிடுவதுண்டு. நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் பேச்சு குழறுகிறது. கதிர்வீச்சு முடிந்தவருக்கு உமிழ்நீர் வற்றிப்போய், ஒரு கவளம் சோற்றுக்கு இரண்டு மிடறு தண்ணீர் தேவைப்படுகிறது. தாடை இறுகி வாய் திறக்க மறுக்கிறது. சிலருக்கு மாதக்கணக்கில் மூக்கு வழியாகச் செருகிய குழாயிலேதான் கஞ்சி இறங்குகிறது. இவ்வளவையும் சகித்துக்கொண்ட பின்னரும் கட்டி திரும்பி வருகிற நோயாளிகள் அநேகர். கத்தியும் கதிரும் எட்டாத இடத்தில் சரீரத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையே ஏவிவிட முடியுமா என்ற கேள்வி இந்த நிர்ப்பந்தத்தில்தான் எழுந்தது.

ஒரு பெயர், இரு வியாதிகள்

இந்தப் புற்றுநோய்க்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. முதலாவது, புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவற்றின் பழக்கம். இரண்டாவது, எச்.பி.வி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு வைரஸ். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹாஸன் 1983-இல் கருப்பைவாய்ப் புற்றுக் கட்டியில் அடையாளம் கண்டு, 2008-இல் நோபல் பரிசும் பெறக் காரணமாயிருந்த அந்த வைரஸின் 16-ஆம் வகையே, அடிநாக்கிலும் தொண்டைச் சதையிலும் தோன்றும் புற்றுகளில் ஒரு பகுதிக்கும் மூலம் என்பதை, அமெரிக்காவில் மௌரா கில்லிசனும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினார்கள். வைரஸால் வந்த தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்றாக இணங்குகிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மூன்றாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் வைரஸ் வகையில் நூற்றுக்கு 82 பேர். மற்ற வகையில் 57 பேர்தாம்.

இரண்டு வழிகளும் சென்று சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றே. உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காப்பதற்கு அதற்குள் பி53 என்ற புரதம் உண்டு. வைரஸ் தன்னுடைய இ6 என்ற புரதத்தால் அந்தக் காவல் புரதத்தை அழிக்கிறது. இ7 என்ற மற்றொன்றால் இன்னொரு காவலையும் செயலிழக்கச் செய்கிறது. புகையிலையின் நஞ்சோ பி53-ஐ உண்டாக்கும் மரபணுவையே சிதைத்துவிடுகிறது. விளைவு ஒன்றானாலும், தடுப்பூசி செய்கிறவருக்கு இந்த வேற்றுமை மிகப் பெரிது. இ6, இ7 இரண்டும் சரீரத்துக்கு அந்நியமானவை, நோயாளிக்கு நோயாளி மாறாதவை, அவையின்றிக் கட்டி பிழைக்கவும் முடியாது. புகையிலைப் புற்றிலோ, சிதைந்துபோன சொந்தப் புரதங்களே உள்ளன. அவையும் ஆளுக்கு ஆள் வெவ்வேறாக இருக்கின்றன.

எச்.பி.வி.க்குத்தான் ஏற்கெனவே தடுப்பூசி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். சிறு வயதினருக்குப் போடும் அந்த ஊசி, வைரஸின் மேலோடான எல்1 புரதத்துக்கு எதிராக ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் திரட்டி, கிருமி உயிரணுவுக்குள் நுழையாமல் தடுப்பது. உள்ளே நுழைந்து புற்றாகிவிட்ட அணுக்கள் அந்த மேலோட்டைத் தயாரிப்பதேயில்லை. ஆகையால் சிகிச்சைக்கு வேறு இலக்கும் வேறு முறையும் வேண்டும்.

ஊசி செய்யும் வேலை

நம் உயிரணுக்களில் மரபணுவின் கட்டளையைப் புரதம் தயாரிக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்வது எம்.ஆர்.என்.ஏ.; படித்து முடித்தவுடன் கிழித்தெறியப்படும் கடிதம் போன்றது அது. பிஎன்டி113-இல் இ6, இ7 புரதங்களைத் தயாரிப்பதற்கான செய்தி, புற்றை உண்டாக்கும் சக்தி நீங்குமாறு திருத்தி எழுதப்பட்டு, நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்து, கைச் சதையில் அல்லாமல் ரத்த நாளத்திலேயே செலுத்தப்படுகிறது. அத்துகள்களின் மின்னேற்றத்தைச் சற்றே எதிர்மறையாக அமைத்தால் அவை மண்ணீரலை நாடிச் சென்று, அங்குள்ள டென்ட்ரிடிக் அணுக்களைச் சேர்கின்றன என்பதை, பயோஎன்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த உகுர் சாஹினின் ஆராய்ச்சிக் குழுவினர் 2016-இல் விளக்கினார்கள். அந்த அணுக்கள் புரதத்தைத் தயாரித்து, துண்டாக்கி, வெளியே ஏந்திக் காட்ட, டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் அதைக் கற்றுக்கொண்டு, அதே அடையாளம் தெரியும் புற்றணுக்களைத் தேடிப்போய்க் கொல்கின்றன.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வைக் கண்டு சரீரம் கொதித்தெழாமல் இருக்க, அதன் யூரிடின் என்ற பகுதியைச் சிறிது மாற்றினால் போதும் என்று கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டறிந்ததே கொரோனா ஊசிகளுக்கு அஸ்திவாரமாயிற்று. 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிஎன்டி113-இலோ யூரிடின் மாற்றப்படாமல் வேண்டுமென்றே அப்படியே விடப்பட்டிருக்கிறது. ஆரோக்கியமானவனுக்குப் போடும் ஊசியில் அனாவசியமான அந்தக் கொதிப்பு, புற்றுடன் சமரசம் செய்துகொண்டு உறங்கும் எதிர்ப்புச் சக்தியை எழுப்புவதற்கு அவசியமாகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிக்குக் குளிரும் ஜுரமும் காண்பது இதன் அறிகுறிதான்.

எழுந்து வந்த டி அணுக்களை மீண்டும் அடக்கிவிடும் தந்திரம் கட்டிக்கு உண்டு. டி அணுவின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தைக் கட்டியின் புரதமொன்று பற்றிக்கொண்டால் அது செயலற்றுவிடும். அந்தப் பற்றுதலைத் தடுப்பது பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து. 2019-இலிருந்து இது முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு முதல் சிகிச்சையாக வழங்கப்பட்டாலும், தனித்துக் கொடுக்கும்போது ஐந்தில் ஒருவருக்குக்கூடக் கட்டி சரிவரச் சுருங்குவதில்லை. எனவே, 16-ஆம் வகை வைரஸால் புற்று வந்தவர்களில் ஒரு சாராருக்கு இந்த மருந்து மட்டும், மற்றொரு சாராருக்கு இதனுடன் தடுப்பூசியும் என்று பிரித்துக் கொடுத்து ஒப்பிடுவதே இப்போது நடைபெறும் பரிசோதனையின் ஏற்பாடு. ஊசியால் ஆயுள் நீள்கிறதா என்பதை அந்த ஒப்பீடுதான் சொல்ல வேண்டும்.

ஆளுக்கொரு ஊசி

வைரஸ் இல்லாத புற்றுக்கு இந்த எளிய வழி கிடையாது. அங்கே ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் ரத்தத்தையும் தனித்தனியே எடுத்து, இரண்டின் மரபணுக்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் காணப்படும் பிழைகளைத் தேர்ந்து, அந்த ஒருவருக்கென்றே ஓர் ஊசியைச் செய்தாக வேண்டும். மாடெர்னா, மெர்க் நிறுவனங்களின் ஊசி ஒன்றில் இவ்விதம் 34 பிழைகள் வரை அடக்கப்படுகின்றன. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தோல் புற்றுநோயாளிகள் 157 பேரிடம் நடந்த சோதனையில், பெம்ப்ரோலிசுமாபுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்புதல் அல்லது மரணத்தின் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. வைரஸ் இல்லாத தலை, கழுத்துப் புற்று உள்ள பத்துப் பேரிடம் இதே ஜோடியைப் பரீட்சித்தபோது ஐவருக்குக் கட்டி சுருங்கியது. பத்துப் பேரை வைத்து முடிவு கட்டலாகாது. மேலே ஆராயத் தைரியம் தந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

நமக்கு என்ன பயன்?

இந்தியாவில் 2022-இல் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக வாய்ப் புற்று கண்டதாகச் சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. ஆண்களிடம் முதலிடம் வகிப்பது அதுவே. அவற்றில் பெரும்பாலானவை புகையிலையாலும் பாக்காலும் வந்தவை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இலேயே பிரகடனம் செய்திருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒன்றாகச் செய்யக்கூடிய ஊசி மேல்நாட்டாரிடம் மிகுந்த வைரஸ் வகைக்கும், ஆளுக்கொன்றாகப் பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டிய ஊசி நம்மவர் வியாதிக்கும் என்று விஞ்ஞானம் பங்கிட்டிருக்கிறது.

செலவு என்ற தடையை நம் மருத்துவர்கள் எதிர்கொண்ட விதத்துக்கு ஒரு நல்ல உதாரணம் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து 2022-இல் வெளிவந்தது. பிடி-1-ஐத் தடுக்கும் நிவோலுமாப் என்ற மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மாத்திரம், மலிவான மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிர் வாழ்ந்தோரின் விகிதம் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. புதிய தடுப்பூசியும் இங்கே ஏழை நோயாளியை எட்ட வேண்டுமானால், இத்தகைய சிக்கன ஆராய்ச்சி அதனோடு கூடவே நடந்தாக வேண்டும்.

அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சோர்வடைய நியாயமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததனாலேயே, புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-இல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது. மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணையோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டையோ வாயில் கண்டவர் உடனே மருத்துவரிடம் காட்டுவாரேயானால், எந்த நிலையில் இந்தத் தடுப்பூசி தேவைப்படுகிறதோ அந்த நிலைக்குப் பெரும்பாலும் போகவே வேண்டியிராது.